பால்கனியில் பெயின்ட் பக்கெட் உரம்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு பால்கனி ஆறடிக்கு மூன்றடி. துணிக்கொடி, துளசி, கறிவேப்பிலை போக மூலையில் இரண்டு பெயின்ட் பக்கெட். காய்கறித் தோலும் டீத்தூளும் அதில்தான் உரமாகின்றன.

முதலில் சருகு சேருங்கள், பக்கெட் அப்புறம். பெங்களூரில் ஜனவரி, பிப்ரவரியில் தூங்குமூஞ்சி மரத்தடியெல்லாம் இலைக் குவியல்தான். தெருப் பெருக்கும் அக்காவிடம் கன்னடத்தில் "ஒண எலெ பேக்கு" (காய்ந்த இலை வேண்டும்) என்றேன்; சிரித்துக்கொண்டே அள்ளித் தந்தார். அரிசிச் சாக்கில் நிரப்பி, மழை படாத இடத்தில் வையுங்கள். தீர்ந்துபோனால் நர்சரியில் கிடைக்கும் தேங்காய் நார்த்தூள் போதும்.

மூடியுள்ள 20 லிட்டர் பக்கெட்டை நன்றாகக் கழுவி, கம்பியைக் காய்ச்சி, சுற்றிலும் நான்கு விரல் இடைவெளியில் ஓட்டை போடுங்கள். அடியிலும் ஐந்தாறு. கீழே ஒரு பழைய தட்டு.

அடியில் நான்கு விரல் உயரம் சருகு, அதன்மேல் ஒரு கைப்பிடி காய்ந்த சாணி அல்லது பழைய உரம். பிறகு தினமும் ஒரு கிண்ணம் பொடியாக நறுக்கிய கழிவுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு. மேலே கழிவு கண்ணில் படக்கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். கறி, மீன், எண்ணெய், பால் வேண்டாம்.

முதல் மாதம் நான் மிச்ச சாம்பாரை அப்படியே ஊற்றினேன். நான்காம் நாள் கீழ்வீட்டு ஆன்ட்டி மூக்கைப் பொத்தியபடி மாடி ஏறி வந்துவிட்டார்! ஈரம் மிஞ்சி காற்று போகாவிட்டால்தான் நாறும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. தண்ணீர் ஒழுகினால் சருகைக் கொட்டிக் கிளறுங்கள், இரண்டு நாளில் அடங்கிவிடும். கொழுத்த புழுக்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அவையும் கழிவைத் தின்று வேலை செய்பவைதான். வெள்ளைப் பூஞ்சையும் அப்படியே.

பக்கெட் நிறைந்ததும் மூடி ஒதுக்கிவிட்டு, அடுத்ததைத் தொடங்குங்கள். இடையில் வாரம் ஒரு கிளறல். ஆறு முதல் எட்டு வாரத்தில் கறுத்து, உதிரியாகி, மண்வாசனை வரும். டிசம்பர் குளிரில் கொஞ்சம் இழுக்கும். சலித்தபின் தங்கும் மாங்கொட்டை, தண்டெல்லாம் மறுபடி பக்கெட்டுக்கே.

தொட்டி மேல்மண்ணைக் கொத்தி, தண்டை ஒட்டாமல், மாதம் இரண்டு கைப்பிடி போடுங்கள். புதுத்தொட்டிக்கு இரண்டு பங்கு மண், ஒரு பங்கு உரம். துளசிக்கு நடுவே தக்காளி முளைத்தால் திகைக்க வேண்டாம். நீங்கள் வீசிய விதைதான். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு செடி காய்த்து நிற்கிறது.