மகள் பாலை விட்டாள், நான் டோஃபு செய்யக் கற்றேன்

வீட்டில் ஒரு பிள்ளை “இனிமேல் எனக்குப் பால், தயிர், நெய் எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டால், பதறிப்போய் கடையில் கண்ணில் படுகிற வீகன் (பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத) பாக்கெட்டை எல்லாம் வாங்கிக் குவிக்க வேண்டாம். இட்லி, நல்லெண்ணெயில் வார்த்த தோசை, சாம்பார், புளிக்குழம்பு, தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம், உளுந்தங்களி, எள்ளுருண்டை என்று நாம் வழக்கமாகச் செய்வதில் பெரும்பகுதி ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. நெய் விட்டுத் தாளிக்கிற இடத்தில் எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது. புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றிரண்டுதான். அதில் முதலில் கற்க வேண்டியது, சோயாப் பாலைத் திரித்து உறைய வைக்கும் டோஃபு என்பது என் கட்சி. சோயாவையும் எலுமிச்சையையும் தவிர ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. பனீர் உறைய வைத்துப் பழகிய கைக்குப் பாதி வேலை தெரிந்ததுதான்.

செய்முறைக்கு முன்னால் கொஞ்சம் வீட்டுக் கதை. அது இல்லாமல் இதை எழுத எனக்குத் தெரியவில்லை.

என் மகள் பிளஸ் டூ படிக்கும்போது இந்த முடிவுக்கு வந்தாள். கலந்து வைத்த தயிர்சாதத்தைப் பிள்ளை தள்ளி வைத்தால், தள்ளியது தயிரை மட்டும்தான் என்று எந்த அம்மாவுக்கும் உடனே தோன்றாது. நானும் கோபத்தோடுதான் காரணம் கேட்டேன். “மாடு கன்னு போட்டாத்தானேம்மா பால் வரும்? அது கன்னுக்குத்தானே?” என்றாள். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய புதிதில், பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகி, அலுவலகக் கழிவறையில் நின்று பீய்ச்சிவிட்டு வந்தவள் நான். பால் யாருக்காகச் சுரக்கிறது என்பதை உடம்பால் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா, “எங்க வீட்டுல கன்னு செத்துப்போச்சுன்னா, தோலுக்குள்ள வைக்கோலைத் திணிச்சு மாட்டு முன்னாடி நிறுத்துவாங்க. அதை நக்கிக்கிட்டே பால் விடும்” என்று சாதாரணமாகச் சொன்னார். பேத்திக்கு எதிராகப் பேசுவதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். வாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

நான் இன்றும் மோர் குடிக்கிறேன். அவள் சொல்வது எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் உடன்பட்டால்தான் சமைத்துப் போட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லையே. கஷ்டமாக இருந்தது வேறொன்று. கண்ணளவிலும் கையளவிலும் சமைத்துப் பழகியவள், தராசும் அளவுக் குவளையுமாக அடுப்பு முன்னால் நிற்க வேண்டியிருந்தது. மகள் செல்போனைப் பார்த்து வாசிப்பாள்; நான், “அப்புறம்?” என்று கேட்பேன். அவள் பிறந்தபோது குளிப்பாட்டக் கற்றுக்கொண்டதற்குப் பிறகு, வீட்டு வேலையில் நான் இவ்வளவு ஒன்றும் தெரியாதவளாக இருந்ததில்லை. இப்போது யோசித்தால், அந்த வயதுப் பெண்ணோடு அடுப்படியில் அவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணமே அதுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

தேவையானவை

உலர்ந்த சோயா பீன்ஸ் 250 கிராம். மளிகைக் கடையில் வெள்ளை சோயா என்று கேட்டால் கிடைக்கும். மீல் மேக்கர் வேறு. அது எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது, அதில் டோஃபு வராது. அரைக்கத் தண்ணீர் இரண்டு லிட்டர். எலுமிச்சைச் சாறு மூன்று முதல் நான்கு மேசைக்கரண்டி. சலவை செய்த வெள்ளைப் பருத்தித் துணி ஒன்று. பழைய வேட்டித் துண்டு மிக நல்லது. அடிகனமான பெரிய பாத்திரம். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, இரண்டு லிட்டர் பாலுக்கு ஐந்து லிட்டர் பாத்திரம் வேண்டும். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

ஊறவைத்தல்

சோயாவை நன்றாகக் கழுவி, மூன்று மடங்கு தண்ணீர் விட்டு எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறினால் இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும். ஒரு பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்பக்கம் நடுவில் குழி இல்லாமல் ஒரே சமமாக இருந்தால் ஊறிவிட்டது. நம் ஊர் வெயில் காலத்தில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளிக்கத் தொடங்கிவிடும், ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். தோலை நீக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம், அது வடிகட்டும்போது சக்கையோடு போய்விடும்.

அரைத்தல், வடித்தல்

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு லிட்டர் புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மிக்ஸியில் நைசாக அரையுங்கள். நான்கைந்து தவணையாகத்தான் அரைக்க முடியும். விரலில் தேய்த்தால் ரவை தட்டக் கூடாது. அரைத்ததைத் துணியில் ஊற்றி, தேங்காய்ப்பால் எடுப்பதுபோல முறுக்கிப் பிழியுங்கள். கை வலிக்கும். பிழிய ஆள் இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், இந்த வேலையை நான் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். துணியில் தங்கும் சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். அதற்கு வேறு வேலை இருக்கிறது.

சோயாவின் பச்சை வாடைதான் பலரை ஓட வைப்பது. பருப்பு தண்ணீரோடு அரைபடும்போது அதிலுள்ள ஒரு நொதி கொழுப்பின் மேல் வேலை செய்வதால் அந்த வாடை உண்டாகிறது. சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். வாடை பிடிக்காதவர்கள் நல்ல சூடான தண்ணீர் விட்டு அரைக்கலாம். ஆனால் ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும், துணி போட்டு அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சுதல்

இந்தக் கட்டத்தில்தான் கவனம் வேண்டும். வடித்த பாலை மிதமான தீயில் வைத்து, அடியில் கரண்டி படும்படி கிளறிக்கொண்டே இருங்கள். மாட்டுப் பால் பொங்குவதற்கு முன் கொஞ்சமாவது அடையாளம் காட்டும். சோயாப் பாலில் திடீரென்று வெள்ளை நுரை மலைபோல எழும். அதைப் பார்த்துக் கொதித்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. அடியில் பால் இன்னும் கொதிநிலைக்கு வந்திருக்காது. தீயைக் குறைத்து, மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, உண்மையாகவே கொதிக்கத் தொடங்கிய பின் பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள்.

இந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்கவே கூடாது. பச்சை சோயாவில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருட்கள் உண்டு; சூட்டில்தான் அவை அடங்கும். அரைவேக்காட்டுப் பாலைக் குடித்தால் வயிறு பிரட்டும். மகளுக்கு ஒரு தம்ளர் குடிக்க எடுத்து வைப்பதென்றால் இந்தக் கொதிக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். சிட்டிகை உப்பும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டால் நன்றாகவே இருக்கும்.

உறைய வைத்தல்

அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் 75 முதல் 80 டிகிரி செல்சியஸ். இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. எலுமிச்சைச் சாற்றை அரை டம்ளர் வெந்நீரில் கலந்து, மூன்று தவணையாக ஊற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் கரண்டியை ஒரே ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி நிறுத்திவிட வேண்டும். கலக்கினால் திரிந்த கட்டிகள் உடைந்து தூளாகிவிடும், அழுத்தினாலும் சேராது. பிறகு மூடி போட்டுப் பதினைந்து நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

திறந்து பார்த்தால் வெள்ளைக் கட்டிகள் ஒரு பக்கமும் இளமஞ்சள் தெளிநீர் ஒரு பக்கமுமாகப் பிரிந்திருக்கும். நீர் இன்னும் பால்போலக் கலங்கியிருந்தால் ஒரு கரண்டி எலுமிச்சை நீரைத் தெளித்து ஐந்து நிமிடம் பொறுங்கள்.

ஜப்பானில் எலுமிச்சைக்குப் பதில் கடல்நீரில் உப்பை எடுத்த பின் மிஞ்சுகிற நிகாரி என்ற நீரையும், சீனாவில் பெரும்பாலும் ஜிப்சத்தையும் சேர்ப்பார்கள். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதில் உறைந்த டோஃபுவில் கால்சியம் நிறைய இருக்கும், எலுமிச்சையில் உறைந்ததில் அவ்வளவு இராது. கடையில் வாங்கும்போது பாக்கெட்டில் கால்சியம் சல்பேட் என்று இருக்கிறதா என்று பார்ப்பது வளரும் பிள்ளைக்கு நல்லது. சுவர் பூச வாங்கிய ஜிப்சத்தை யாரும் சமையலறைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். உணவுத் தரத்தில் தனியாக விற்கிறது.

அழுத்துதல்

ஓட்டை உள்ள வடிதட்டில் துணியை விரித்து, கட்டிகளை அள்ளிப் போட்டு, துணியை மடித்து மூடி, மேலே ஒரு தட்டும் அதன்மேல் ஒரு கிலோ எடையும் வையுங்கள். தண்ணீர் நிரப்பிய சொம்பு போதும். அரை மணி நேரத்தில் மென்மையாக வரும். வறுக்க வேண்டும் என்றால் ஒரு மணி நேரம் விடுங்கள். 250 கிராம் சோயாவில் 350 முதல் 400 கிராம் வரை கிடைக்கும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் எலுமிச்சைப் புளிப்பு இறங்கிவிடும். ஃப்ரிட்ஜில் தண்ணீருக்குள்ளேயே வைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால் மூன்று நாள் நன்றாக இருக்கும்.

என்ன செய்து சாப்பிடுவது

பாலக் பனீரில் பனீரை எடுத்துவிட்டு இதைப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் ஒவ்வொரு வாய்க்கும், “பனீர் மாதிரி இல்லையே” என்றுதான் தோன்றும். அது பனீர் இல்லை, அப்புறம் எப்படி இருக்கும்? டோஃபு எதற்கும் பதிலாகப் பிறந்தது அல்ல. சீனாவின் சிச்சுவான் பகுதியில் மாப்போ டோஃபு என்று ஒன்று செய்கிறார்கள், கொத்திய இறைச்சியோடு சேர்த்தே சமைப்பது. அதற்கென்று ஒரு மரியாதை அங்கே இருக்கிறது. நாமும் அதையே கொடுத்துப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் நின்றது மிளகு டோஃபு. துண்டுகளை உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, துணியில் ஒற்றி ஈரம் போக்குங்கள். உப்பு உள்ளே ஏறும். இரும்புத் தோசைக்கல்லில் கடலை எண்ணெய் விட்டு, காய்ந்ததும் துண்டுகளைப் பரப்புங்கள். உடனே புரட்ட வேண்டாம். சிவந்ததும் தானாகக் கல்லை விடும், அப்போது திருப்பினால் உடையாது. தனியே சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, துண்டுகளைச் சேர்த்து, இடித்த மிளகும் சீரகமும் தூவி இறக்குங்கள். ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அருமை. அழுத்தும்போது உடைந்துவிட்டதா? உதிர்த்து, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள்தூள் போட்டுப் பொடிமாஸ் செய்யுங்கள். கருப்பு உப்பு ஒரு சிட்டிகை சேர்த்தால் அதிலுள்ள கந்தகத்தால் முட்டை வாசனை வரும். என் அம்மா ஒரு துண்டைத் தின்றுவிட்டு, “உறைப்பு நல்லாருக்கு” என்று மட்டும் சொன்னார். பாராட்டு மிளகுக்குத்தான். ஆனாலும் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.

தயிருக்கு மாற்று தேடி நான் அலையவில்லை. தயிர்சாதத்தின் இடம் அவள் தட்டில் காலியாகவே இருக்கிறது. அவள் எலுமிச்சை சாதம் சாப்பிடுகிறாள்.

அம்மாவாகச் சில கண்டிப்புகள்

மகளின் கொள்கையில் நான் தலையிடவில்லை, மாத்திரை விஷயத்தில் தலையிட்டேன். வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பும்படி கிடைக்காது. புளித்த மாவிலும் ஸ்பைருலினா என்ற பாசியிலும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மருத்துவரிடம் காட்டி, இரத்தப் பரிசோதனை செய்து, அவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை. இரும்புச்சத்து உடம்பில் ஒட்டக் கீரையோடு எலுமிச்சை பிழியுங்கள், சாப்பாட்டோடு காபி, டீ வேண்டாம். புரதத்துக்கு வருத்தமே வேண்டாம். உலர்ந்த சோயாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 36 கிராம் இருக்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ மருத்துவர் சொன்ன பால்மாவுக்கோ பதிலாக இந்தச் சோயாப் பாலைக் கொடுக்கவே கூடாது. சோயா ஒவ்வாமை சிலருக்கு உண்டு, முதல் தடவை கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது சைவம் என்றுதான் பொருள், பால் பொருட்கள் அதற்குள் அடக்கம். பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் பால் பவுடர் இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வீகன் உணவுக்குத் தனி விதிகளும் தனி முத்திரையும் கொண்டுவந்தது, அதைத் தேடுங்கள்.

அந்தச் சக்கை

கையில் இருப்பது பச்சைச் சக்கை, அதனால் நன்றாக வேக வேண்டும். ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்த கடலைப்பருப்பு ஒரு பங்கு, சக்கை ஒரு பங்கு, வெங்காயம், சோம்பு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, மெல்லிய வடையாகத் தட்டி மிதமான எண்ணெயில் போடுங்கள். மாவு நீர்த்துப் போனால் ஒரு கைப்பிடி அரிசி மாவு. அடை மாவிலும் கலக்கலாம், ஒரு பக்கம் மூடி வைத்து வேகவிட்டுப் பிறகு திருப்ப வேண்டும். அன்றைக்கு வடை சுட நேரமில்லை என்றால் சக்கையை அப்படியே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வெறுமனே வைத்தால் மறுநாளே புளித்துவிடும்.