மாமர நிழலுக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி

மாமரத்தடியில் புல்தரை போட்டவர்களுக்குத் தெரியும்: கொஞ்ச நாள் பச்சையாக நிற்கும், அப்புறம் திட்டுத் திட்டாக வெளுத்து மண் தெரியும். அந்த இடத்துக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி நன்றாகப் பொருந்தும். வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகப் படரும் செடி. ஒருமுறை வேரூன்றினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். குட்டிச் சூரியகாந்தி போல மஞ்சளாகப் பூக்கும்.

1. செடியைப் பார்த்து வாங்குங்கள்

சிக்கலே இங்கேதான். இதே பெயரில் பல நர்சரிகளில் கிடைப்பது வெடேலியா என்கிற அலங்காரச் செடி. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. வேலி தாண்டிப் போனால் மற்ற செடிகளை மூடிவிடும்.

பூவை வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம், இலையைப் பாருங்கள். வெடேலியா இலை அகலமாக, பளபளவென்று, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். கரிசலாங்கண்ணி இலை குறுகி நீண்டிருக்கும். ஓரத்தில் ஒன்றிரண்டு பல் மட்டும், தடவினால் சொரசொரக்கும். கீரையாகவும் பறிக்கப்போகிறீர்கள் என்றால் இதை உறுதி செய்யாமல் நடவே வேண்டாம். தெரிந்த வயற்காரரிடம் ஒரு கைப்பிடித் தண்டு கேட்டு வாங்குவதே நல்லது.

2. இடமும் மண்ணும்

இலைகளின் ஊடே வெயில் புள்ளி புள்ளியாக விழும் நிழல் போதும். வெளிச்சமே எட்டாத சந்தில் இலை வரும், பூ வராது.

மரத்தடியை மண்வெட்டியால் கொத்தாதீர்கள், மேலோட்டமான வேர்கள் அறுபடும். கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் சம அளவில் கலந்து 2 அங்குலம் பரப்புங்கள். அடிமரத்தை ஒட்டி ஒரு அடிக்கு எதுவும் போடாதீர்கள். பட்டை ஈரத்தில் அழுகும்.

3. நடுவது

ஆடி, ஆவணியில் மழை ஈரம் பார்த்து நடலாம். சித்திரை வெயிலில் வேண்டாம். முற்றாத தண்டை அரை அடி நீளத்துக்கு, மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்துப் புதையுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும். ஒரு அடிக்கு ஒன்று போதும்.

4. அப்புறம்

முதல் இரண்டு வாரம் தினமும் பூவாளியால் தண்ணீர். துளிர் விட்டதும் மண் காயக் காய ஊற்றினால் சரி. ஆனால் காயவிட்டு மறந்துவிடக் கூடாது, இது ஈரத்தில் வளர்ந்து பழகிய செடி. படுகை மூடும்வரை களையைக் கையால்தான் பிடுங்க வேண்டும்.

மாஞ்சருகைத் தென்னந்துடைப்பத்தால் பெருக்கினால் இளந்தண்டு கையோடு வந்துவிடும். பெரிய சருகை மட்டும் பொறுக்குங்கள், மீதி அங்கேயே மக்கட்டும். மாவுப்பூச்சி தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

தண்டு நீண்டு அடியில் இலை குறைந்தால், 4 அங்குலம் விட்டு மொத்தத்தையும் வெட்டிவிடுங்கள். ஈரம் இருந்தால் மறுபடி அடர்த்தியாகத் துளிர்க்கும். வெட்டிய தண்டை வழுக்கை விழுந்த இடங்களில் நட்டுவிடலாம்.