திருப்பிப் போட்டுப் பாருங்கள்

"இது இருந்தால் அது இருக்கும்" என்று யாராவது சொன்னால், அதை உடனே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மழை பெய்தால் தரை நனையும், சரி. தரை நனைந்திருந்தால் மழைதான் பெய்ததா? யாராவது தண்ணீர் ஊற்றியிருக்கலாமே! கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் இதே மழை உதாரணத்தைச் சொல்லியிருக்கிறார்.

இந்தியாவின் பழைய தர்க்கவியல் பள்ளியான நியாய மரபினர் இன்னும் நுட்பமாகப் போனார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை உண்டா? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை இல்லையே. புகை வர, நெருப்போடு ஈர விறகும் சேர வேண்டும். இப்படி ஒளிந்திருக்கும் நிபந்தனைக்கு 'உபாதி' என்று பெயர். அடுத்த முறை ஒரு முடிவுக்கு வரும்போது, அதே விளைவைத் தரக்கூடிய வேறு இரண்டு காரணங்களையாவது தாளில் எழுதிப் பாருங்கள்.