பரிந்துரைக்கலாம், பரிசீலிக்கலாம்: தற்கொலைத் தடுப்புக் குழு அமைப்போர் செய்யும் தவறுகள்

போன மாதம் ஓர் இளம் அதிகாரி வரைவு அரசாணை ஒன்றை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். தற்கொலைத் தடுப்புக்கென ஓர் அரசு ஆலோசனைக் குழு. மொத்தம் 11 பக்கம். நான்காம் பக்கத்துக்கு வந்ததும் சிரித்துவிட்டேன். 18 ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய வரைவைப் பழைய அலமாரியிலிருந்து யாரோ கிளறி எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. அதே வரிசை, அதே நல்லெண்ணம், அதே ஓட்டை.

இப்படிப்பட்ட மூன்று குழுக்களில் உறுப்பினர் செயலராக இருந்திருக்கிறேன். கூட்டத்துக்குத் தேதி கிடைக்காது, பயணப்படி வராது, தலைவர் பாதியில் எழுந்து போவார். இதெல்லாம் எந்தக் குழுவிலும் நடப்பதுதான், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்துகொண்டிருக்கும்போது தவறு என்றே உறைக்காதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

மேசையைச் சுற்றி மருத்துவர்கள் மட்டும்

எங்கள் முதல் குழுவில் 14 பேர். அதில் 9 பேர் மனநல மருத்துவர்கள். தற்கொலை என்றால் மனநோய், மனநோய் என்றால் சுகாதாரத் துறை என்று நேர்கோடு போட்டுவிட்டோம். வேளாண் துறையிலிருந்து ஒருவரைச் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தபோது, "அவருக்கு இங்கே என்ன வேலை?" என்றார் ஒரு மூத்த மருத்துவர். அவர் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் வருத்தம்.

பதில் இலங்கையில் இருந்தது. 1995-க்கும் 2015-க்கும் இடையில் அங்கே தற்கொலை விகிதம் கிட்டத்தட்ட 70 சதவீதம் சரிந்தது. ஆய்வாளர்கள் முதன்மைக் காரணமாகச் சொல்வது, கடும் நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளை அந்த நாடு படிப்படியாகத் தடை செய்ததைத்தான். அந்தத் தடைக்குரிய பேனா வேளாண் துறையின் கீழ் இருக்கும் பூச்சிக்கொல்லிப் பதிவாளர் கையில் இருந்தது. தற்கொலை எண்ணம் பலருக்கு அலைபோல ஏறி இறங்குவது. உச்சத்தில் இருக்கும் அந்தச் சிறிது நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய பொருள் கைக்கெட்டாமல் போனால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பிழைத்தவர்களில் மிகப் பலர் பிறகு தற்கொலையால் இறப்பதும் இல்லை. எது யார் கைக்கு எட்டுகிறது என்பதை முடிவு செய்பவர் மருத்துவர் இல்லையே.

வேளாண்மை, கல்வி, காவல், ரயில்வே, மதுவிலக்கு, கடன் விவகாரங்களைப் பார்க்கும் நிதித் துறை, எல்லோருக்கும் நாற்காலி போடுங்கள். மருத்துவர்கள் நான்கு பேர் போதும்.

இழந்தவரைப் புகைப்படத்துக்கு மட்டும் அழைப்பது

மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மாவை முதல் கூட்டத்துக்கு அழைத்தோம். பத்து நிமிடம் பேசினார். அறையில் கண் கலங்காதவர் யாருமில்லை. நன்றி சொல்லி வாசல் வரை சென்று வழியனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, "அடுத்த கூட்டம் எப்போம்மா?" என்று கேட்டார். அவர் பெயர் உறுப்பினர் பட்டியலில் இல்லை என்பதை எப்படியெல்லாமோ சுற்றி வளைத்துச் சொன்னேன்.

அன்று அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருந்தது. மகனை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அந்த வாரம் முழுக்க அங்கிருந்து ஒருவர்கூட எப்படி இருக்கிறான் என்று விசாரிக்கவில்லை. கூட்டக் குறிப்பில் அதை எழுதவில்லை. "தமது அனுபவத்தை உருக்கமாகப் பகிர்ந்தார்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டுக் குழு பெரிதாகக் கண்டுபிடித்தது: மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில நாட்களும் வாரங்களும்தான் மிக ஆபத்தானவை என்று.

இழந்தவர் ஒருவர், முயன்று மீண்டவர் ஒருவர் குறைந்தபட்சம் இருக்கட்டும். மற்ற உறுப்பினர்களுக்குள்ள வாக்கும் படித்தொகையும் அவர்களுக்கும் வேண்டும்.

விழிப்புணர்வு வாரத்தோடு தொடங்குவது

வேண்டாம்.

‘லாம்’ என்று முடியும் அரசாணை

இப்போது அந்த நான்காம் பக்கம். இத்தனை ஆண்டு ஆகியும் இதை நினைத்தால் எரிச்சல் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளும்.

எங்கள் அரசாணையின் பணி வரையறையில் இப்படி ஒரு பத்தி இருந்தது: "குழு தனது பரிந்துரைகளை அரசுக்கு அளிக்கலாம். அரசு அவற்றைப் பரிசீலிக்கலாம்." எழுதியது நான்தான். பணிவாக, யாரையும் முறைக்காமல், அழகாக எழுதியதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

14 மாதம் உழைத்தோம். 23 பரிந்துரைகள். அமைச்சர் கையில் கொடுத்தோம், படம் எடுத்தார்கள். அப்புறம் சத்தமே இல்லை. நான்கு மாதம் பொறுத்து விசாரித்தால், "கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். உண்மையிலேயே நகர்ந்தது. சுகாதாரத் துறையிலிருந்து கல்விக்கு, கல்வியிலிருந்து காவலுக்கு, அங்கிருந்து நிதிக்கு. ஒரு துறை "இத்துறை சார்ந்த கருத்து ஏதுமில்லை" என்று எழுதியது. இன்னொன்று "உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்" என்றது. ஒருவரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஒன்றரை ஆண்டு கழித்து வேறு வேலையாகப் போனபோது அந்தக் கோப்பு என் கண்ணில் பட்டது. கடைசிக் குறிப்பில் நீல மையில்: "பார்வையிடப்பட்டது. கோப்பில் வைக்கலாம்." மூன்றாவது ‘லாம்’.

எங்கள் ஏழாவது பரிந்துரை, வீடு திரும்பியவரை மூன்று நாளுக்குள் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும் என்பது. அந்த அம்மா சொன்னதேதான். ஒரு செவிலியர், ஒரு தொலைபேசி, ஒரு பட்டியல் இருந்தால் போதும். புதுக் கட்டடம் கேட்கவில்லை, புதுச் சட்டம் கேட்கவில்லை. ஆனாலும் கிடப்பில் போனது. ஏனென்றால் ‘அரசு’ என்று முகவரி எழுதியிருந்தோம். அரசு என்பவருக்கு மேசை கிடையாது. எந்த மேசையில் வைப்பது?

இதைச் சொன்னால் உடனே ஒருவர், "ஆலோசனைக் குழுதானே, உத்தரவு போட முடியுமா?" என்பார். உத்தரவு போடச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் மரண விசாரணை அதிகாரி, இனி இப்படி ஒரு மரணம் நேராமல் தடுக்க நடவடிக்கை தேவை என்று கருதினால், அதைச் செய்யக்கூடியவருக்கு அறிக்கை அனுப்புவார். பெற்றவர் 56 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்: என்ன செய்தார், எப்போது செய்வார், செய்யப்போவதில்லை என்றால் ஏன். இன்னதைச் செய் என்று கட்டளையிடும் அதிகாரம் அந்த விசாரணை அதிகாரிக்குக் கிடையாது. பதிலை மட்டும் கேட்டு வாங்கலாம். ஜப்பானின் 2006 அடிப்படைச் சட்டம், தற்கொலைத் தடுப்பில் என்ன செய்தோம் என்று அரசு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கச் சொன்னது. 2016 திருத்தம் மாகாணங்களும் நகராட்சிகளும் தத்தம் திட்டத்தை எழுதியாக வேண்டும் என்றது. 2003-இல் 34,000-ஐத் தாண்டியிருந்த எண்ணிக்கை 2019-இல் சுமார் 20,000. பொருளாதாரமும் அதில் பங்கு வகித்திருக்கும், முழுப் புகழையும் சட்டத்துக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அங்கே கோப்பைப் பூட்டி வைத்துவிட்டு யாரும் சும்மா இருக்க முடியவில்லை.

இளம் அதிகாரிக்கு நான் எழுதிக் கொடுத்த பத்தி இது. வேண்டியவர் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"ஒவ்வொரு பரிந்துரையும் ஒரு குறிப்பிட்ட பதவியின் பெயருக்கு அனுப்பப்பட வேண்டும். அப்பதவியில் இருப்பவர் 56 நாட்களுக்குள் ஏற்பு, பகுதி ஏற்பு, மறுப்பு ஆகியவற்றில் ஒன்றைக் காரணத்துடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வந்த பதிலையும், பதில் வராததையும் குழு வெளியிட வேண்டும்."

இதில் ஓர் உப லாபமும் உண்டு. யாருக்கு அனுப்புவது என்று பெயர் எழுத உட்கார்ந்தால், 23 பரிந்துரையில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

முழுத் தரவு வரட்டும் என்று காத்திருப்பது

பின்லாந்தைச் சுட்டிக்காட்டித்தான் இந்தத் தாமதத்தை நியாயப்படுத்துவார்கள். 1987-இல் தொடங்கி 12 மாதத்தில் அந்த நாட்டில் நிகழ்ந்த தற்கொலைகள் ஒவ்வொன்றையும், சுமார் 1,400 மரணங்களை, குடும்பத்தாரிடம் பேசி ஆராய்ந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திட்டம் 1986 முதல் 1996 வரை ஓடியது, ஆய்வு அதன் முதல் கட்டம் மட்டுமே. நம் குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்றாண்டுக் காலம். விசாரணை முடிந்து, மரணக் காரணம் பதிவாகி, அதிகாரபூர்வ எண் கைக்கு வருவதற்குள் அதில் பாதி போய்விடும். உலக சுகாதார அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி நான்கு வேலைகளை முன்வைக்கிறது: உயிர்பறிக்கும் பொருட்கள் எளிதில் கிடைக்காமல் செய்வது, ஊடகங்களோடு பேசுவது, வளரிளம் பருவத்தினருக்கு வாழ்க்கைத் திறன் கற்பிப்பது, ஆபத்தில் இருப்பவரை முன்பே கண்டறிந்து தொடர்ந்து கவனிப்பது. இவற்றில் எதைத் தொடங்கவும் புதிய கணக்கெடுப்பு தேவையில்லை. தரவு ஒருபுறம் வந்துகொண்டிருக்கட்டும்.

சொந்தச் செய்திக்குறிப்பைப் படிக்காமல் வெளியிடுவது

ஊடகங்களுக்கு நெறிமுறை வகுத்த எங்கள் குழுவின் செய்திக்குறிப்பே, முதல் பத்தியில் ஒரு மரணம் எங்கே, எப்படி நடந்தது என்று விவரித்திருந்தது. வியன்னாவில் 1987-இல் நாளிதழ்கள் இத்தகைய விவரிப்பைக் குறைத்த பிறகு, சுரங்க ரயில் பாதையில் நிகழ்ந்த தற்கொலைகள் சட்டென்று குறைந்தன என்பதை அதே குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் மேற்கோள் காட்டியிருந்தோம்.

குழுவுக்கு என்ன பெயர் வைப்பது

அரை மணி நேரம். அதற்கு மேல் கூடாது.

கோப்பு படிப்பவரை மறப்பது

மரண அறிக்கைகளைத் தட்டச்சு செய்ய ஓர் இளம்பெண்ணை அமர்த்தியிருந்தோம். நாளுக்கு எட்டு, பத்து அறிக்கை. மூன்றாம் மாதம் இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் கொடுத்தார், காரணம் ‘சொந்த அலுவல்’. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தற்கொலைத் தடுப்புக்கென்றே சம்பளம் வாங்கிய நான், "தூக்கம் வருதாம்மா?" என்று அவரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இரண்டாம் குழுவிலிருந்து ஒருவருக்கு வாரம் இரண்டு நாள் மட்டுமே அந்த வேலை, மாதம் ஒருமுறை ஆலோசகரோடு தனியாகப் பேச நேரம் என்று வைத்துக்கொண்டோம்.

பின்குறிப்பு

நேற்று அந்த இளம் அதிகாரி தொலைபேசியில் வந்தார். "மேடம், 56 நாளைச் சட்டத் துறை ஒத்துக்க மாட்டேங்குது. ‘தெரிவிக்கலாம்’னு மாத்தச் சொல்றாங்க."

"தம்பி, 56-ஐ 90 ஆக்கிக்கோங்க, 120 கேட்டாலும் குடுங்க. ‘வேண்டும்’ல மட்டும் கை வைக்க விடாதீங்க" என்றேன்.

90 என்று திருத்தி, கோப்பை இன்று காலை மறுபடியும் சட்டத் துறைக்கு அனுப்பியிருக்கிறாராம்.