சிறு விமானத்தை மட்டம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரையில் நிற்கும் சிறு விமானம் பெரும்பாலும் மட்டமாக நிற்பதில்லை. வால் சக்கரம் உள்ள விமானம் மூக்கை நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி நிற்கும். மூக்குச் சக்கரம் உள்ள விமானம் பார்வைக்கு நேராகத் தெரிந்தாலும், டயர்களில் உள்ள காற்றும், ஸ்ட்ரட் (சக்கரக் காலில் அதிர்வைத் தாங்கும் உருளை) எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதும், தொட்டிகளில் உள்ள எரிபொருளும் அதைச் சற்றே சாய்த்து வைத்திருக்கும். எடை பார்த்து ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுவது, இறக்கையின் பொருத்துக் கோணத்தையும் முறுக்கையும் சோதிப்பது, எரிபொருள் மானியைச் சரிபார்ப்பது ஆகிய வேலைகளுக்கெல்லாம் விமானத்தை முதலில் பறக்கும் நிலைக்குரிய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு டிகிரிச் சாய்வால் என்ன கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், ஒரு டிகிரிச் சாய்வு அதைச் சக்கரங்களுக்கு மேலே ஏறத்தாழ 17 மி.மீ. முன்னோ பின்னோ நகர்த்திக் காட்டும். செஸ்னா 172 போன்ற விமானத்தில் ஈர்ப்பு மையம் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட முழு வீச்சே சுமார் 30 செ.மீ.தான். அன்று பதிவேட்டில் ஏறும் பிழை, அடுத்த முறை எடை பார்க்கும் வரை ஒவ்வொரு பறப்பின் சுமைக் கணக்கிலும் தொடர்ந்து உட்கார்ந்திருக்கும்.

நான் அதிகம் பார்த்த தவறு, மட்டம் வைக்கும் இடத்தையே தவறாகத் தேர்ந்தெடுப்பது. கேபின் தரை தட்டையாக இருக்கிறது, எஞ்சின் மூடி நேராகத் தெரிகிறது என்று ரசமட்டத்தை அங்கே வைத்துவிடுகிறார்கள். எந்த இடத்தை ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் முன்பே முடிவுசெய்து, பராமரிப்புக் கையேட்டிலும் வகைச் சான்றிதழின் தரவுத் தாளிலும் எழுதி வைத்திருக்கிறார். பைப்பர் பிஏ-28 வகையில் உடற்பகுதியின் இடப்பக்கம், ஜன்னலுக்குக் கீழே உள்ள இரண்டு திருகுகள் ஆதாரம். செஸ்னாவின் பல மாடல்களில் வால்பகுதியின் இடப்பக்கத்தில் உள்ள இரண்டு திருகுகள். வேறு சில விமானங்களில் கதவுச் சட்டமோ இருக்கைத் தண்டவாளமோ ஆதாரமாக இருக்கும். ஒரே பெயருள்ள மாடலிலும் தயாரிப்பு ஆண்டுக்கேற்ப இது மாறக்கூடும் என்பதால், பழகிய கையை நம்பாமல் வரிசை எண்ணை வைத்துத் தாளைப் பார்த்துக்கொள்வதே சரி.

திருகுகள்தான் ஆதாரம் என்று தெரிந்த பிறகும் அங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. ரசமட்டம் உட்கார்வதற்காக அவற்றைச் சிறிது வெளியே திருப்புகிறோம். பழைய பெயின்ட் பூச்சு ஒரு திருகின் கழுத்தில் திரண்டிருக்கும், அல்லது ஒன்றின் தண்டு லேசாக வளைந்திருக்கும். இரண்டு திருகுகளுக்கும் இடையே 86 செ.மீ. இருந்து, ரசமட்டம் தொடும் இடங்களில் 5 மி.மீ. உயர வேறுபாடு வந்துவிட்டால், சாய்வு டிகிரியில் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆகவே, பூச்சைச் சுரண்டித் துடைத்து, ரசமட்டம் திருகின் தலையில் அல்லாமல் தண்டின் மீது படிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகே குமிழியைப் பார்க்க வேண்டும்.

ரசமட்டத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரே இடத்தில் வைத்து ஒருமுறை படித்துவிட்டு, இடவலமாகத் திருப்பி வைத்து மறுமுறை படிக்க வேண்டும். இரண்டு முறையும் குமிழி விமானத்தின் ஒரே பக்கமாக, ஒரே அளவு விலகி நின்றால் குறை விமானத்தில் இருக்கிறது. திருப்பியதும் குமிழி வேறு இடத்தில் நின்றால் கருவியில் குறை இருக்கிறது. அரை நிமிட வேலை இது. டிஜிட்டல் மட்டத்துக்கும் இதே சோதனை பொருந்தும்; யாரோ முந்தைய வேலையில் வேறொரு பரப்பில் பூஜ்யமாக்கிவிட்டு அப்படியே பெட்டியில் வைத்திருக்கலாம்.

மூக்குச் சக்கர விமானத்தில் பொதுவாக மூக்கு டயரின் காற்றைக் குறைத்தோ ஸ்ட்ரட்டை ஏற்றியிறக்கியோ குமிழியை நடுவுக்குக் கொண்டுவருகிறோம். இங்கே பலர் கவனிக்காமல் விடுவது ஸ்ட்ரட்டின் உராய்வு. எண்ணெயும் காற்றும் அடைத்த ஸ்ட்ரட் சீல்களின் பிடியில் பாதியில் நின்றுகொண்டு, இறங்கிவிட்டதைப் போலவே காட்டும். ஒருமுறை குமிழி கோடுகளுக்கு நடுவே அசையாமல் நின்றதைப் பார்த்துத் திருப்தியோடு தாளில் எழுதப் போனேன். உடனிருந்த மூத்த மெக்கானிக் இறக்கை நுனியைப் பிடித்து இரண்டு முறை மெல்ல ஆட்டினார், மூக்கு ஒரு சிறு முனகலுடன் கீழே அமர, குமிழி தன் நீளத்தில் பாதி தூரம் நகர்ந்துவிட்டது. அன்று முதல் ஆட்டாமல் எந்த அளவையும் நான் எழுதுவதில்லை.

இதோடு ஒட்டியதுதான் பிரேக். எடைமேடைமேல் ஏற்றிய பிறகு பிரேக்கைப் பிடித்து வைத்திருந்தால், மூக்கு இறங்கும்போது சக்கரங்கள் உருள முடியாமல், மேடைகளின்மீது பக்கவாட்டு விசை விழுந்து எடை பிழையாகும். பிரேக்கை விடுவித்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அந்தக் கட்டையின் எடையைக் கடைசியில் கழித்துக்கொள்ள வேண்டும். வில் போல் வளையும் எஃகுக் கால் உள்ள விமானத்தில், சக்கர ஒழுங்கைச் சோதிக்கும்போது, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் இடையே கிரீஸ் தடவிய இரண்டு உலோகத் தகடுகளை வைத்தால், கால்கள் விரிந்து இயல்பான நிலைக்கு வரும்.

நீளவாக்கில் மட்டம் வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. குறுக்குவாட்டில் சாய்ந்திருந்தால், இணைக்கப்பட்ட தொட்டிகளில் எரிபொருள் தாழ்ந்த பக்கம் மெதுவாக வழிந்து சாய்வை மேலும் கூட்டும். ஒரு திசையைச் சரிசெய்தால் மற்றது கலையும். ஆகவே இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். ஹேங்கர் கதவுகளைச் சாத்திவிட்டு, உள்ளே யாரும் இல்லாத நிலையில்தான் கடைசி அளவை எடுக்க வேண்டும். இறக்கையில் படும் மெல்லிய காற்றுகூட எடைமேடையில் தெரியும்.

ஜாக் மேல் ஏற்றி மட்டம் பார்ப்பவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும், ஏனெனில் இங்கே நேரும் தவறு கணக்கோடு நிற்காது, ஆளையும் காயப்படுத்தும். கையேடு சொல்லும் ஜாக் புள்ளிகளில் மட்டுமே தூக்க வேண்டும். பிரேக் பாகத்தின் அடியில் ஜாக்கைக் கொடுக்கவே கூடாது. எஃகுக் காலைத் தூக்கும்போது சக்கரம் உட்பக்கமாக நகர்வதால் ஜாக்கும் சேர்ந்து சாயும். அப்போது இறக்கி, நேராக்கி, மறுபடி தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இறக்கைப் புள்ளிகளில் தூக்கும் விமானத்தில், கையேடு கேட்டால், வாலில் அது குறிப்பிட்ட எடையைக் கட்டாமல் ஜாக்கைத் தொடக் கூடாது. பூட்டு வளையத்தை இறுக்காமல் அடியில் நுழைவதும் கூடாது. மூக்கை உயர்த்துவதற்காக வாலின் கிடைப் பரப்பைக் கையால் அழுத்துவது சில விமானங்களில் தகட்டை நசுக்கிவிடும் என்பதால், கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எடை பார்க்கும்போதோ, வாலில் ஒரு கை பட்டாலே அந்த அளவு செல்லாது.

வால் சக்கர விமானத்தில் வாலை உயர்ந்த தாங்கியின்மீது வைத்த பிறகுதான் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, ஆதாரக் கோட்டிலிருந்து (எல்லாத் தூரங்களையும் அளக்கத் தயாரிப்பாளர் குறித்த தொடக்கக் கோடு) சக்கர அச்சுகள் வரையிலான தூரத்தை அளக்க வேண்டும். வால் தாழ்ந்து நிற்கும்போது எடுத்த தூரத்தை மட்ட நிலையில் எடுத்த எடையோடு சேர்ப்பதால் வரும் பிழை, விடை ஓரளவு நம்பும்படியாகவே வந்துவிடுவதால், எளிதில் கண்ணில் படுவதில்லை.

கடைசி அளவை எழுதியதும் மூக்கு டயரில் காற்றை நிரப்பி, ஸ்ட்ரட் கையேடு சொன்ன நீளத்துக்கு வந்ததா என்று அளந்து, வெளியே திருப்பிய திருகுகளைத் திரும்ப உள்ளே இறுக்க வேண்டும். காற்றை இறக்கும்போதே ப்ரொப்பெல்லரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, டயரின் அழுத்தத்தை மானியில் பார்த்த பின்புதான் நான் அதை அவிழ்க்கிறேன்.