ஊருக்கு வரும்போது பைனாகுலரையும் எடுத்து வாருங்கள்

தீபாவளிக்கோ ஆண்டிறுதி விடுமுறைக்கோ மலேசியாவின் கோல சிலாங்கூர் பக்கம் வரும் வெளிநாட்டு உறவுகள் கல்யாணம், கோயில், கேஎல் (கோலாலம்பூர்) ஷாப்பிங் என்று ஓடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள்கூட, அதற்குத் தாமான் நெகாரா தேசியப் பூங்கா வரை போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவையே இல்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியாவிலும் சீனாவிலும் பனிக்குத் தப்பி வந்த பறவைகள் நம் தோட்டத்து வேலியிலேயே உட்கார்ந்திருக்கும்.

நம் ஊரில் 7 மணிக்கு மேல்தான் விடியும். விடிந்ததும் கிளம்பி 10 மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் வெயில் தாங்காது, பிற்பகலில் மழை இடியோடு வரும். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன் ஜாகாவிடமோ (காவலாளி) மண்டோரிடமோ (மேற்பார்வையாளர்) ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மருந்து அடிக்கும் நாளென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். வெட்டிப் போட்ட மட்டையில் முள் இருக்கும். செருப்பு போதாது, பூட்ஸ் வேண்டும். வீட்டில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் பால் எடுத்த, தாத்தாவோ பாட்டியோ இருந்தால் கூட்டிப் போங்கள். இருட்டிலேயே வேலைக்குப் போய்ப் பழகியவர்களுக்குச் சத்தத்தை வைத்தே பறவையைச் சொல்லத் தெரியும்.

வேலிக் கம்பத்தின் உச்சியில், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு தனியாக ஒரு பழுப்புப் பறவை உட்கார்ந்திருந்தால் அது பழுப்புக் கீச்சான். ஒரு பறவைக்கு ஒரு வேலி. பக்கத்தில் இன்னொன்று வந்தால் கத்தித் துரத்தும். இதே கீச்சான்களுக்கு அடையாளத்துக்காகக் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பார்த்ததில், அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கே அவை திரும்பி வருவது தெரிந்தது. நம்மில் பலரைவிட ஒழுங்காக ஊருக்கு வருகிறது.

சாயங்காலம் பழைய கடைவீதிகளில் மின்கம்பிகளைப் பாருங்கள். தகைவிலான்கள் கூட்டமாக வந்து அடையும் ஊர்கள் உண்டு. நெஞ்சில் கறுப்புப் பட்டையும் வெள்ளை வயிறும் இருந்தால் வடக்கிலிருந்து வந்தது. பட்டை இல்லாமல் வயிறு சாம்பலாக இருந்தால் ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் பசிபிக் தகைவிலான். கம்பிக்குக் கீழே மட்டும் காரை நிறுத்தாதீர்கள்.

வளையம் மாட்டும் வேலை இங்கே புதிதல்ல. 1963 முதல் 1971 வரை மெக்லூர் என்ற அமெரிக்கர் தலைமையில் ஆசியா முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் போட்டார்கள்; மலேசியாவும் அதில் இருந்தது. மெல்லிய நைலான் வலையில் சிக்கும் பறவையைத் துணிப்பையில் போட்டு எடை பார்ப்பார்கள், இறக்கையை அளப்பார்கள். பிறகு தொண்டைக்குக் கீழே லேசாக ஊதுவார்கள். இறகு விலகினால் தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். நீண்ட பயணத்துக்கான எரிபொருள் அதுதான். பார்க்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பெர்ஹிலித்தானின் (வனவிலங்குத் துறை) அனுமதி இல்லாமல் வலை விரிப்பது குற்றம், அதை நினைக்கவே வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது கால்களைப் பார்ப்பது. மலாவாத்தி குன்றின் அடிவாரத்தில் உள்ள தாமான் ஆலாம் இயற்கைப் பூங்காவுக்கும் ஜெராம் கடற்கரைச் சேற்றுக்கும் உள்ளான்களை, அதாவது கரையோரப் பறவைகளை, பார்க்கப் போகலாம். அலை அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள்: நீர் முழுக்க வடிந்திருக்கும்போது பறவைகள் தூரத்தில் புள்ளிகளாகத்தான் தெரியும், நீர் ஏற ஏறத்தான் கரைக்கு நெருங்கும். காலில் ஆரஞ்சு நிறக் கொடி (வளையம் போன்ற சிறு அடையாளப் பட்டை) இருந்தால் அந்தப் பறவைக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கொடி மாட்டியிருக்கிறார்கள். மஞ்சள் என்றால் வடமேற்கு ஆஸ்திரேலியா. மெல்பனிலிருந்து வருகிறவர்களுக்கு இது ஊர்க்காரரைச் சந்தித்த மாதிரி. கொடியின் நிறம், எழுத்து, எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, இடம், தேதி, எல்லாவற்றையும் குறித்துப் படமெடுத்து, பெர்ஹிலித்தானுக்கோ மலேசிய இயற்கைச் சங்கத்துக்கோ அனுப்புங்கள். செத்துக் கிடக்கும் பறவையின் காலில் வளையம் இருந்தால் எண்ணைப் படமெடுத்தாலே போதும். உயிரோடு இருக்கும் பறவையின் வளையத்தைக் கழற்றவே கூடாது.

பயணத்தை மார்ச்சுக்குத் தள்ள முடிந்தால், போர்ட் டிக்சன் பக்கத்தில் தஞ்சோங் துவானுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து தேன்பருந்துகள் வடக்கே திரும்பும் மாதம் அது. காற்று சூடான பிறகுதான் அவை வரும் என்பதால் இதற்கு மட்டும் விடியலில் எழ வேண்டாம். முற்பகலில் கலங்கரை விளக்கத்துக்கு ஏறிவிட்டால் சரி. தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.