அணி முதலாளிக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடமா? வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டுச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் என்றால் ஆடியவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அப்படியில்லை. ஒஹாயோ மாநிலத்தின் கான்டனில் 1963-ல் அமெரிக்கக் கால்பந்துக்கான ஹால் ஆஃப் ஃபேம் திறந்தபோதே, முதலில் சேர்க்கப்பட்டவர்களில் அணி முதலாளிகளும் இருந்தார்கள். பேஸ்பாலின் ஹால் இருக்கும் கூப்பர்ஸ்டவுனிலும் கூடைப்பந்தின் ஹால் இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டிலும் அவர்களுக்கு இடம் உண்டு. அதனால் 'முதலாளிக்கு இடம் கொடுக்கலாமா' என்ற கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது. எந்த முதலாளிக்கு, எதை வைத்து என்பதுதான் இன்றும் சண்டை. அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப ஒரே தவறுகளைச் செய்கிறார்கள்.

கோப்பைகளை எண்ணிக்கொண்டு வருவது

மிகப் பெரிய தவறு இதுதான். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னரை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-ல் அணியை வாங்கினார், 2010-ல் காலமானார். இடையில் 7 உலகத் தொடர் (பேஸ்பால் பெரிய லீகின் இறுதிப் போட்டி) பட்டங்கள். 'இவருக்கே இடமில்லையென்றால் வேறு யாருக்கு?' என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். அந்த 7 பட்டங்கள் எப்படி வந்தன என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

1977, 1978 பட்டங்களில் அவர் பங்கு தெளிவாகத் தெரிகிறது. வீரர்கள் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை அப்போதுதான் வந்திருந்தது. மற்ற முதலாளிகள் தயங்கி நின்றபோது இவர் பணத்தை இறக்கினார். கேட்ஃபிஷ் ஹன்டரும் ரெஜி ஜாக்சனும் வந்தார்கள். ஆனால் 1979 முதல் 1995 வரை ஒரு பட்டம்கூட இல்லை. 1975 முதல் 1988 வரை பில்லி மார்ட்டினை மட்டும் மேலாளராக (பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளர்) 5 முறை நியமித்து, ஒவ்வொரு முறையும் அனுப்பிவிட்டார்கள். ஃப்ரெட் மெக்கிரிஃப், ஜே பியூனர் போன்ற இளம் வீரர்கள் அவசர அவசரமாக வேறு அணிகளுக்குக் கைமாற்றப்பட்டார்கள்.

அப்புறம் 1990 வந்தது. தன் அணியிலேயே ஆடிய டேவ் வின்ஃபீல்டைப் பற்றி அவதூறு தேட, ஒரு சூதாட்டக்காரருக்கு 40,000 டாலர் கொடுத்தது வெளியே வர, அணி நிர்வாகத்திலிருந்தே ஸ்டைன்பிரென்னர் விலக்கப்பட்டார். 1993-ல்தான் திரும்பி வந்தார். அவர் இல்லாத அந்தக் காலத்தில் ஜீன் மைக்கேல் என்ற பொது மேலாளர் பொறுமையாக அணியைக் கட்டினார். பெர்னி வில்லியம்ஸை விற்காமல் வைத்துக்கொண்டார், பால் ஓ'நீலை வாங்கினார். 1992 டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், டெரிக் ஜீட்டர் வந்தார். 1996, 1998, 1999, 2000 பட்டங்களின் அடித்தளம் அங்கேதான் போடப்பட்டது. 2009 பட்டத்தின்போதோ பொறுப்பு மகன் கைக்குப் போய்விட்டது.

சரி, அவருக்குத் தகுதியே இல்லையா? இருக்கிறது என்றே நினைக்கிறேன். வந்த வருமானத்தைப் பையில் போட்டுக்கொள்ளாமல் மறுபடி அணியிலேயே கொட்டினார். மற்ற முதலாளிகளையும் செலவு செய்ய வைத்தார். 2002-ல் அணிக்கென்றே ஒரு தொலைக்காட்சி நிறுவனம் தொடங்கி, பேஸ்பாலின் பொருளாதாரத்தையே மாற்றினார். வாதம் இதில்தான் நிற்க வேண்டும். முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தவர் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு எது, அதை அவர் எப்படி எடுத்தார் என்று கேட்டால் பதில் தானாகத் தெளிகிறது. 7 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் ஜீன் மைக்கேலின் உழைப்பும் அவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

'காசு போட்டார், வேறென்ன செய்தார்?' என்று ஒதுக்கிவிடுவது

இது எதிர்ப்பக்கத்தின் தவறு. அமெரிக்கக் கால்பந்தின் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி முதலாளி ராபர்ட் கிராஃப்ட் பற்றிப் பேச்சு வந்தால், 'எல்லாம் நட்சத்திர வீரர் பிராடியும் பயிற்சியாளர் பெலிசிக்கும் செய்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1994-ல் அந்த அணி செயின்ட் லூயிஸுக்குப் போயிருக்க வேண்டியது. மைதானத்தின் குத்தகை ஒப்பந்தம் கிராஃப்டிடம் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க அப்போதைய முதலாளி 7.5 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். கிராஃப்ட் மறுத்துவிட்டு, எதிர்மாறாக 17.2 கோடி டாலர் கொடுத்து அணியையே வாங்கினார். அந்த லீகில் அதுவரை யாரும் கொடுக்காத விலை அது. 2000-ல் பில் பெலிசிக்கைப் பயிற்சியாளராகக் கொண்டுவர, முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பை நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு விட்டுக்கொடுத்தார்கள். கிளீவ்லாந்தில் வேலையிழந்து வந்த ஒரு பயிற்சியாளருக்கு இவ்வளவு விலையா என்று அன்று கேட்டவர்கள் நிறைய. முதலாளி சம்மதிக்காமல் இது நடந்திருக்காது.

லாபத்தைச் சாதனையாகச் சொல்வது

அதே கால்பந்து லீகின் டாலஸ் கவ்பாய்ஸ் அணியை ஜெர்ரி ஜோன்ஸ் 1989-ல் வாங்கியபோது விலை சுமார் 14 கோடி டாலர். இன்று மதிப்பு 1,000 கோடி டாலருக்கு மேல். கேட்கப் பிரமிப்பாக இருக்கும். ஆனால் தொலைக்காட்சி ஒப்பந்தங்களால் அந்த லீகில் எல்லா அணிகளின் மதிப்பும் ஏறியிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்த முதலாளியும் கோடிகள் பார்த்திருக்கிறார். ஜோன்ஸுக்காக வாதாட வேண்டுமென்றால் 1995-க்குப் போங்கள். லீகின் அதிகாரபூர்வ விளம்பரதாரர் கோகா கோலா; ஜோன்ஸோ தன் மைதானத்துக்குப் பெப்சியோடு தனி ஒப்பந்தம் போட்டார். லீக் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது, அவர் பதிலுக்கு 75 கோடி கேட்டார், கடைசியில் சமரசம் ஆனது. அணிகள் தங்கள் மைதானத்துக்குத் தாங்களே விளம்பரதாரரைத் தேடிக்கொள்ளும் வழி அதில்தான் திறந்தது. 2017-ல் அவருக்குக் கான்டனில் இடம் கிடைத்ததற்கு, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் வென்ற 3 கோப்பைகளைவிட இதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

எல்லாத் தவறையும் ஒரே தராசில் போடுவது

சான்ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் கால்பந்து அணியின் எடி டிபார்டலோ, லூசியானாவில் சூதாட்டக் கப்பல் உரிமத்துக்காகத் தன்னிடம் 4 லட்சம் டாலர் பறிக்கப்பட்டதைப் புகார் செய்யாததற்காக 1998-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2016-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். அது விளையாட்டுக்கு வெளியே நடந்த தவறு. அவர் அணியை நடத்திய விதத்தோடு அதைக் கலக்க வேண்டியதில்லை.

வாஷிங்டன் கால்பந்து அணியின் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் கதை அப்படியல்ல. லீகில் மற்ற எல்லா அணிகளும் கறுப்பின வீரர்களைச் சேர்த்த பிறகும் அவர் மறுத்தார். மத்திய அரசு நிலத்தில் கட்டிய மைதானத்தில் ஆட முடியாது என்று அரசே நெருக்கியபின் 1962-ல்தான் பணிந்தார். அடுத்த ஆண்டே கான்டனின் முதல் தொகுதியில் அவர் பெயர். பாஸ்டன் ரெட் சாக்ஸின் டாம் யாக்கியும் இதே வகை. 1959 வரை அவர் அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. பேஸ்பால் பெரிய லீகில் கடைசியாக மாறிய அணி அதுதான். உலகத் தொடரையும் அவர் ஒருமுறைகூட வெல்லவில்லை. ஆனாலும் 1980-ல் கூப்பர்ஸ்டவுனில் இடம் கிடைத்தது. 'அந்தக் காலம் அப்படி' என்று இதை மூடிவிட முடியாது. அதே காலத்தில் மற்ற முதலாளிகள் கதவைத் திறந்தார்கள். யாரை ஆட விடுவது என்பது முதலாளியின் கையில் இருந்த முடிவு, அதில் இவர்கள் இருவரும் தவறினார்கள்.

பெரிய லீக் முதலாளிகளை மட்டும் பார்ப்பது

எஃபா மான்லியை மறந்துவிட்டு இந்தப் பேச்சைப் பேசவே கூடாது. கறுப்பின வீரர்களின் தனி பேஸ்பால் லீகில் நியூவார்க் ஈகிள்ஸ் அணியைக் கணவர் ஏபுடன் சேர்ந்து நடத்தியவர். கணக்கு, ஒப்பந்தம், விளம்பரம் எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். கறுப்பின மக்களை அடித்துக் கொல்லும் கும்பல் கொலைகளுக்கு எதிராகத் தன் அணி ஆடிய மைதானத்திலேயே ஒரு நாள் ஒதுக்கினார். 1946-ல் அணி பட்டம் வென்றது. அதே நேரத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, ஈகிள்ஸ் வீரர் டான் நியூகம்பை மான்லிக்கு ஒரு காசும் கொடுக்காமல் எடுத்துக்கொண்டார். மான்லி அதை வெளிப்படையாக எதிர்த்தார். கறுப்பின அணியின் ஒப்பந்தமும் ஒப்பந்தம்தானே என்பது அவர் நிலை. 1947-ல் லாரி டோபியை கிளீவ்லாந்து பேஸ்பால் அணி கேட்டபோது மொத்தம் 15,000 டாலர் பேசி வாங்கினார். மான்டி இர்வினுக்கு நியூயார்க் ஜயன்ட்ஸிடமிருந்து 5,000 டாலர் வந்தது. வீரர்களின் வழியை அவர் மறிக்கவில்லை. தன் அணியின் உழைப்புக்கு விலை கேட்டார். ஆட்கள் போய்விட்ட அணியை 1948 பருவத்துக்குப் பிறகு விற்க வேண்டியதாயிற்று. கூப்பர்ஸ்டவுன் 2006-ல் அவரைச் சேர்த்தது, அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து. அங்கே இடம் பெற்ற முதல் பெண் அவர். கோப்பைக் கணக்கோ சொத்துக் கணக்கோ பார்த்தால் இந்தப் பெயர் பட்டியலுக்கே வந்திருக்காது.

கடைசியாக ஒன்று. 'தேர்வாகவில்லை' என்பதைத் 'தகுதியில்லை' என்று படிக்காதீர்கள். கான்டனில் தேர்வாக 80 சதவீத வாக்கு வேண்டும். கூப்பர்ஸ்டவுனில் முதலாளிகளைப் பற்றி முடிவெடுப்பது 16 பேர் குழு. அதில் 12 வாக்கு தேவை, ஒருவர் எத்தனை பேருக்கு வாக்களிக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஒரு பழைய மேலாளருக்கு ஆதரவு கூடினால் முதலாளிக்கு வாக்கு மிஞ்சாது. ஸ்டைன்பிரென்னர் பலமுறை பட்டியலில் வந்தும் உள்ளே போகாததற்கு 1990-ல் நடந்தது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்பவர்கள், அவரோடு அந்தந்த ஆண்டு யார் யார் போட்டியில் இருந்தார்கள் என்பதையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.